ஒன்பது வவ்வால்களும் ஓர் ஒட்டு மூலையும்

என்னை விட்டுவிட்டு முன்னால் இறங்கிப் போன அன்பு மச்சான் அடைக்கலத்துக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. நேராக விசயத்துக்கு வந்துவிடுகிறேன். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு ஒரு வவ்வால் ஷீட் கொடுத்தாய். ஒரே தாளில் ஒன்பது ஸ்டாம்ப், ஒன்பது வவ்வால். அது போலி என்று அன்றைக்கே உனக்குத் தெரியுமா, தெரியாதா?

நாலு பேர் படிக்கிற இடத்தில் வைத்துக் கேட்கிறேனே என்று கோபப்படாதே. வீட்டுக்குள் உட்கார்ந்து உன் போட்டோவைப் பார்த்துக் கேட்டால், எனக்குத் தோதான பதிலை நானே சொல்லிக்கொள்வேன். இந்த விசயத்தில் எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நான் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ரிட்டயர் ஆனவன். முப்பது வருசம் ஆட்களின் முகத்தைப் பார்த்து, இவன் டிக்கெட் எடுத்திருப்பானா மாட்டானா என்று யோசித்தே பிழைத்தவன். தூங்குகிறவனைப் பார்த்தால் நடிக்கிறான் என்று தோன்றும். முழித்திருப்பவனைப் பார்த்தால் இவன் ஏன் தூங்கவில்லை என்று தோன்றும். பென்சன் வாங்க ஆரம்பித்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பால்காரர் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால், இன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்று நினைத்துக்கொள்வேன்.

நம்முடைய சிநேகிதமே சந்தேகத்தில்தானே தொடங்கியது. திருமயத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி உன்னிடம் டிக்கெட் கேட்டேன். சட்டைப்பையில் கையை விட்டு எதையோ எடுத்து நீட்டினாய். வாங்கிப் பார்த்தால் எறும்புத்தின்னி. உடம்பெல்லாம் செதிலோடு, மூக்கை நீட்டிக்கொண்டு, ஏதோ வெளிநாட்டு ஸ்டாம்ப்பில் நின்றுகொண்டிருந்தது.

"இது எந்த ஊரு வரைக்கும் செல்லும்?" என்று கேட்டேன். பஸ்ஸே சிரித்தது, நான் சிரிக்கவில்லை. உன் பை, மாட்டு மருந்துப் பெட்டி, மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் திறக்க வைத்தேன். டிக்கெட் கடைசியில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்த எறும்புத்தின்னியை இன்னொரு தடவை காட்டச் சொன்னேன்.

நீ கால்நடை ஆய்வாளர். ஊர் ஊராகப் போய் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போடுவது வேலை, மனசு முழுக்கக் காட்டில் திரிகிற உயிர்கள் மேல். ஸ்டாம்ப்பில் புலியையும் மயிலையும் எல்லாரும் சேர்ப்பார்கள் என்று, நீ நம் பக்கத்துத் தேவாங்கு, மரநாய், உடும்பு, ஆந்தை என்று தேடித் தேடிச் சேர்த்தாய். எனக்கும் ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தாய்.

"ஒனக்குப் பிடிக்காததாப் பார்த்துச் சேரு மாப்ள. பிடிச்சதுன்னா கண்ணு மூடிக்கும். பிடிக்காததுன்னா விடாமப் பார்ப்ப" என்றாய்.

கீரமங்கலத்தில் கொய்யாத் தோட்டம் வைத்திருக்கிறவனுக்குப் பிடிக்காதது வேறென்ன இருக்கிறது? பழம் பழுக்கிற நாளைச் சரியாகப் பார்த்து வந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்துப் போட்டுவிட்டுப் போகும் வவ்வால்தான். அதைப் போய் சேர்க்கச் சொல்கிறாயே, என்னை வைத்து விளையாடுகிறாயோ என்று உன் மேல் சந்தேகம் வந்தது. ஆனால் ஒரு வருசம் போவதற்குள், காதைப் பார்த்தும் மூக்கைப் பார்த்தும் எது பழம் தின்பது, எது பூச்சி தின்பது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன்.

ஒருநாள் காலை நீ தோட்டத்துக்கு வந்திருந்தபோது, நான் கட்டிய வலையில் ஒரு வவ்வால் சிக்கிக் கிடந்தது. மருந்துப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, என்னைக் கேட்காமலே வலையை வெட்டி அதைப் பறக்கவிட்டாய். புது வலை மச்சான் அது. அந்தக் கோபத்தில் இரண்டு மாதம் உன்னோடு பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா?

மற்றபடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தவறாது. நீ திருமயத்திலிருந்து வருவாய், நான் கீரமங்கலத்திலிருந்து வருவேன், நடுவில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு. ஸ்டாம்ப் மாற்றிக்கொள்ள நாம் வைத்திருந்த வழக்கத்தை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். ஒருவன் பொருளை இன்னொருவன் லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது, பொருளுக்குச் சொந்தக்காரன் பக்கத்தில் இருக்கக் கூடாது. எழுந்து போய் டீ வாங்கி வர வேண்டும். பக்கத்தில் இருந்தால் முகத்தைப் பார்த்துத் தாட்சண்யம் வந்துவிடும் என்று நீதான் அந்த ஏற்பாட்டைச் செய்தாய். டீ வருவதற்குள் பார்த்து முடிக்க வேண்டும். பார்த்தவன் "சரி" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு திருப்பிக் கேட்பதும் இல்லை, குறை சொல்வதும் இல்லை. ஒரு மாற்றலுக்கு ஆளுக்கு இரண்டு டீ.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கொண்டுவந்தது காட்டெருமை. நம் நாட்டுப் பழைய ஸ்டாம்ப், நாலும் பிரியாமல் ஒரே துண்டாக இருக்கிற பிளாக். அதைக் கேட்டு நீ என்னைப் பல மாதம் நச்சரித்திருந்தாய். மாற்றாக என்ன தருவாய் என்று கேட்டதற்கு, "வவ்வாதான். நீ இதுவரைக்கும் பார்க்காத வவ்வா" என்று மட்டும் சொல்லியிருந்தாய்.

முதலில் நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது லென்ஸ் உன் சட்டைப்பைக்குள் போயிருந்தது. என் முகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாய். "சரி மாப்ள" என்றாய். உன் தோல்பைக்குள் கையை விட்டாய். விட்ட கையைச் சட்டென்று எடுக்கவில்லை. உள்ளே எதையோ எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு, அந்த ஒன்பது வவ்வாலை என் மடியில் வைத்தாய். அடுத்த டீக்கு நீ எழுந்து போனாய்.

நான் பார்த்தேன். தாள் வழக்கத்தைவிடப் பளபளவென்று இருந்தது. ஒன்பதிலும் ஒரே விலை போட்டிருந்தது. வெளியிட்ட வருசம் எங்கேயும் இல்லை. எல்லாம் கண்ணில் பட்டது மச்சான், படாமல் இல்லை. ஆனால் ஒன்பது வவ்வாலும் சேர்ந்து என்னைப் பார்த்தபோது எனக்குள் இருந்த செக்கர் எந்த ஸ்டாப்பில் இறங்கினான் என்று தெரியவில்லை. நீ டீயோடு வந்தாய். "சரி" என்றேன்.

அதற்குப் பிறகு உன் நடவடிக்கையில் இரண்டு விசயம் எனக்குப் பிடிபடவில்லை. ஒன்று, அந்த ஷீட்டைக் கண்காட்சியில் வைக்கப் போகிறேன் என்று எப்போது சொன்னாலும் தடுத்தாய். "அது வீட்டோட இருக்கட்டும் மாப்ள" என்பாய். கொடுத்துவிட்டுப் பொறாமைப்படுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்று, கிளம்பும்போது பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்பாயே ஒரு கேள்வி.

"வேற ஏதும் சொல்லணுமா மாப்ள?"

எனக்குப் புதிதாக எது கிடைத்திருக்கிறது என்று நோட்டம் விடுகிறாய் என்றுதான் அதையும் எடுத்துக்கொண்டேன். "ஒண்ணுமில்லையே மச்சான்" என்பேன். பன்னிரண்டு வருசம் அதே கேள்வி, அதே பதில்.

சித்திரையில் நீ போனாய். போன் வந்தபோது நான் நம்பவில்லை. தெரியாத நம்பர், யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று இரண்டு தடவை கட் செய்தேன். மூன்றாவது தடவை உன் மகள் மலர் பேசினாள். "மாமா, அப்பா போயிட்டாருங்க" என்றாள். ஓடி வந்தேன். உன்னைத் தூக்கும்வரை, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் நின்றேன். நீ என்னை ஏமாற்றியிருக்கக் கூடாதா என்று நான் ஆசைப்பட்டது வாழ்நாளில் அன்றைக்கு ஒருநாள்தான்.

ஆவணியில் புதுக்கோட்டையில் ஒரு தபால்தலைக் கண்காட்சி வந்தது. உன் நினைவாக என்று அட்டையில் எழுதி, என் வவ்வால்களை வரிசையாக வைத்தேன். நடுவில் அந்த ஒன்பது. இனிமேல் தடுக்க ஆள் இல்லை என்று எனக்கு அழுகையாகவும் இருந்தது, கொஞ்சம் சுதந்திரமாகவும் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நடுவராக ஒரு அம்மா வந்திருந்தார்கள். என் பலகை முன்னால் நின்றார்கள், குனிந்தார்கள், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்கள்.

"ஐயா, நடுவுல இருக்கே, இது ஸ்டாம்ப் இல்லீங்க."

"பின்ன என்னங்கம்மா?"

"ஸ்டாம்ப் மாதிரி அச்சடிச்ச படம். இதுல பேரு போட்டிருக்கிற நாட்டுத் தபால் துறை இப்படி ஒண்ண வெளியிடவே இல்ல. வேற யாரோ அச்சடிச்சு, அந்த நாட்டுப் பேரைப் போட்டு வித்துடுறாங்க. வவ்வா, ஆந்தைன்னா வாங்க ஆளு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்."

"இல்லீங்கம்மா, இதக் கொடுத்தவரு ரொம்ப வெவரமானவரு."

"வெவரமானவருன்னா அவருக்குத் தெரிஞ்சிருக்குமே" என்று சொல்லிவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விட்டார்கள்.

அந்த அம்மா மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. அவர்களும் வவ்வால் சேர்க்கிறார்களோ, என் ஷீட்டின் மேல் கண்ணோ என்று. ஆலங்குடியில் ஒருவரிடம் தடிமனான கேட்லாக் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அந்த நாட்டுக் கணக்கில் ஆமை இருந்தது, மீன் இருந்தது, நண்டுகூட இருந்தது. ஒன்பது வவ்வால் இல்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ தடுத்தது ஏன் என்று இப்போது விளங்கியது. வெளியே காட்டினால் குட்டு உடைந்துவிடும் என்றுதானே? அப்படியென்றால் உனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தாய். அப்படியென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் என்ன? நீ சிரித்ததெல்லாம் எதைப் பார்த்துச் சிரித்தாய்? வாங்கிக் கொடுத்த டீயைக்கூட விடவில்லை, ஒவ்வொன்றாக நினைவில் எடுத்துச் சோதித்துப் பார்த்தேன்.

என் சம்சாரம் வசந்தா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டாள். "செத்துப்போன மனுசரு மேல போயிச் சந்தேகப்படுறீங்களே. என் மேல பட்டதெல்லாம் பத்தாதா?"

"படக் கூடாதுன்னுதான் போயிக் கேட்டுட்டு வாரேங்கிறேன்."

"யார்ட்ட கேப்பீங்க? அண்ணே எந்திரிச்சு வந்து பதில் சொல்லுமா?"

பதில் சொல்ல ஆள் இல்லை என்றாலும் பஸ் ஏறினேன். அந்த ஷீட்டையும் பையில் எடுத்துக்கொண்டேன். திருமயத்தில் இறங்கி நடக்கும்போது கோட்டைப் பாறை வெயிலில் பளிச்சென்று நின்றது. உன் வீட்டு வாசலில் உன் செருப்பு இன்னும் அதே இடத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். திரும்பவில்லை.

"வாங்க மாமா. இங்கிட்டு உக்காருங்க, இங்கதான் ஃபேன் காத்து வரும்" என்றாள் மலர். தங்கச்சி, மலரின் அம்மா, ரேசன் கடைக்குப் போயிருந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. ஷீட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

மலர் பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டாள். "ஐயோ, இது ஒங்ககிட்டயா இருக்கு? இது போலி மாமா."

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான் ஸ்கூல் படிக்கையில வந்துச்சு. தபால்ல வரவழைச்சு, பிரிச்சுப் பார்த்துட்டு, ஏமாந்துட்டோம்னு அப்பா அன்னிக்கு முழுக்கப் பொலம்புனாரு. கிழிச்சுப் போடுங்கப்பான்னேன். வேணாம், செக்கர் கருப்பையாகிட்ட காட்டுவோம், அவன் கண்டுபிடிக்கிறானான்னு பாப்போம், அப்புறமா நல்லதக் கொடுப்போம்னு சொல்லிக்கிட்டே பையில வச்சாரு."

கேட்டாயா மச்சான். உன் மகளே சாட்சி சொல்லிவிட்டாள். தெரியும் உனக்கு. எனக்குள் ஒரு குரூரமான சந்தோசம் வந்தது, நான் நினைத்தது சரி என்று. ஆனால் அடுத்த நிமிசமே அவள் சொன்ன கடைசி வார்த்தை குத்தியது. அப்புறமாக நல்லதைக் கொடுப்போம் என்றாயாமே. அப்படியென்றால் நல்லது ஒன்று அந்தப் பைக்குள் இருந்தது. விளையாட்டுக்குக் காட்ட ஒன்று, எனக்குக் கொடுக்க ஒன்று. ஏன் விளையாட்டோடு நிறுத்திவிட்டாய்?

"அப்பா ஆல்பத்தப் பாருங்க மாமா. நான் டீ போட்டு எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லி, உன் ஆல்பத்தை என் முன்னால் வைத்துவிட்டு மலர் உள்ளே போனாள். நம்முடைய டீ வழக்கம் அவளுக்குத் தெரியுமா? நீ சொல்லியிருக்கிறாயா? அதுவும் எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

முதல் பக்கத்தில் என் காட்டெருமை இருந்தது. எறும்புத்தின்னிக்கும் முன்னால், தேவாங்குக்கும் முன்னால். பார்த்ததும் என் கண் அதன் வலது பக்கக் கீழ் மூலைக்குத்தான் போனது.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை எழுதாமல் மூன்று நாள் பேனாவை மூடி மூடி வைத்தேன்.

உன்னிடம் கொடுப்பதற்கு முந்தின வாரம், அந்தப் பிளாக்கை அட்டையிலிருந்து எடுக்கும்போது வலது பக்கக் கீழ் மூலையை நான் கிழித்துவிட்டேன். ஓரத்துப் பல் இரண்டோடு ஒரு துணுக்குப் போய்விட்டது. மூலை போன பிளாக்கை நீ வாங்க மாட்டாய், வாங்கினாலும் வவ்வால் தர மாட்டாய் என்று நினைத்தேன். என்னிடம் அதே காட்டெருமை, முத்திரை குத்தின பழைய ஒற்றை ஸ்டாம்ப் ஒன்று கிடந்தது. முத்திரை படாத மூலையை அதிலிருந்து வெட்டி, கருவேலங்கோந்து தொட்டு, பிளாக்கில் வைத்து ஒட்டி, மேலே இஸ்திரிப் பெட்டியை ஒருநாள் முழுக்கத் தூக்கி வைத்தேன். எடுத்துப் பார்த்தால் எனக்கே தெரியவில்லை. தேதியைத் திருத்தின பாஸை நீட்டியவர்களை எத்தனை பேர் முன்னால் நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். அந்த நான்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒட்டுப் போட்ட பொருளை உன் மடியில் வைத்துவிட்டு டீ வாங்கப் போனேன்.

அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று உன் இடுக்கியை எடுத்துப் பிளாக்கை மெல்லத் தூக்கினேன். அடியில், ஆல்பத் தாளில், பென்சிலால் உன் பொடிக் கையெழுத்து இருந்தது.

'கருப்பையா கொடுத்தது. வ. கீழ் மூலை ஒட்டு. டீ வர்றதுக்குள்ள கண்டுபிடிச்சேன். நல்லாத்தான் ஒட்டியிருக்கான், கெட்டிக்காரப் பய.'

மச்சான், நீ என்னைத் திட்டி எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கடைசி வரியை என்னால் தாங்க முடியவில்லை.

மலர் வரும் சத்தம் கேட்டது. அவசரமாகப் பிளாக்கைத் திருப்பி வைத்தேன். அவள் ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் ஒரு சின்னக் கவருமாக வந்தாள். ஸ்டாம்ப் வைக்கிற பட்டர் பேப்பர் கவர்.

"இது அப்பா பீரோவுல இருந்துச்சு மாமா. ஒங்க பேரு போட்டிருக்கு. ஆனா எப்படிக் கொடுக்கிறதுன்னு தெரியாம வச்சிருந்தேன்."

கவர் மேல் அதே பொடிக் கையெழுத்து. 'கருப்பையாவுக்கு. அவனாச் சொன்னா மட்டும்.'

உள்ளே இருந்தது மங்கலாகத் தெரிந்தது. இரண்டு ஸ்டாம்ப், பிரியாத ஜோடி. இரண்டிலும் தலைகீழாகத் தொங்குகிற பழந்தின்னி, இறக்கையைப் போர்த்திக்கொண்டு. பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் எனக்கென்று நீ பையில் எடுத்து வந்த நல்லது அதுதான். நான் டீ வாங்கப் போன நேரத்தில் என் ஒட்டைப் பார்த்துவிட்டு, பையில் கையை விட்டுக்கொண்டு யோசித்தாயே, அப்போது உன் கை இதன் மேல்தான் இருந்திருக்க வேண்டும்.

"என்ன மாமா சொல்லணும்? எதச் சொல்லச் சொல்றாரு அப்பா?"

அவள் கேட்டது சாதாரணமாகத்தான். ஒரு வாக்கியம் போதும். மூலையை நான் ஒட்டினேன்மா, அவ்வளவுதான். டீ கையில் சுட்டது. உன் செருப்பு வாசலில் தெரிந்தது. என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"தெரியலையேம்மா. ஒங்கப்பன் எதையாச்சும் எழுதி வச்சிருப்பான்."

மலர் என்னைப் பார்த்தாள். பிறகு ஆல்பத்தைப் பார்த்தாள். அவசரத்தில் நான் வைத்த பிளாக் கோணலாக இருந்தது. அவள் விரலால் அதை நேராக்கினாள்.

"சரி மாமா" என்றாள். கவரை எடுத்துக்கொண்டு போய்ப் பீரோவில் வைத்தாள்.

மூன்று வாரம் ஆகிறது. அந்த "சரி" என் காதை விட்டுப் போகவில்லை. உன்னிடம் கேட்கிறேன், நீ ஏன் அன்றைக்கே கேட்கவில்லை? கோபத்தில் போலியைக் கொடுத்தாயா? இல்லை, செக்கராயிற்றே, எப்படியும் கண்டுபிடித்து வந்து சட்டையைப் பிடிப்பான், அப்போது நாமும் மூலையைப் பற்றிக் கேட்டுக்கொள்ளலாம் என்று கொடுத்தாயா? நான் கண்டுபிடிக்கவில்லை. நீயும் வாயைத் திறக்கவில்லை. பார்த்தவன் சரி என்று சொன்ன பிறகு குறை சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை நீ மீறவில்லை. மாதாமாதம் பஸ் படியில் நின்று கதவை மட்டும் திறந்து வைத்தாய். நான் அதை நோட்டம் விடுகிறாய் என்று நினைத்தேன். அடுத்தவனிடம் தேடித் தேடியே காலம் கழித்தவனுக்கு, தன் பையையும் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றாமல் போய்விட்டது.

இப்பவும் எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. நான் சொல்லியிருந்தால் நிஜமாகவே அந்த ஜோடியைக் கொடுத்திருப்பாயா, இல்லை அதிலும் ஏதாவது விளையாட்டு வைத்திருக்கிறாயா? இருந்தாலும் பரவாயில்லை. அது உன் உரிமை.

இங்கே ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டில் நம் பெஞ்சு இருந்த இடத்தில் வேலை நடக்கிறது, தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். டீக்கடை எதிர்ப்பக்கம் போய்விட்டது, டீ முன்னைவிட மோசம். கொய்யாவுக்கு இந்தப் பருவம் நான் வலை கட்டவில்லை. வவ்வால்கள் வந்து பாதியைத் தின்றுவிட்டன. வசந்தாவுக்கு உன் மேலும் கோபம், என் மேலும் கோபம். கீழே கடித்துப் போட்ட பழத்தைப் பொறுக்கும்போது நீ கத்தரிக்கோலோடு நின்றது ஞாபகம் வருகிறது. நீ இல்லாதது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது மச்சான்.

ஆகவே உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கடிதம் அச்சாகி யார் கையிலும் போவதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை திருமயம் போய், உன் மகள் முன்னால் உட்கார்ந்து, மூலையை ஒட்டினது நான்தான் என்று என் வாயால் சொல்லிவிடுவேன். கவரைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். கொடுக்க மனசு வரவில்லை என்று அவள் சொன்னாலும், சொல்லிவிட்டு வந்தவனாக இருப்பேன். அடுத்த கண்காட்சியில் மலர் அனுமதித்தால் உன் காட்டெருமையையும் என் ஒன்பது வவ்வாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். ஒன்றின் கீழே 'போலி' என்று எழுதுவேன். இன்னொன்றின் கீழே 'மூலை ஒட்டு, ஒட்டியவன் கருப்பையா' என்று எழுதுவேன். அந்த நடுவர் அம்மா வந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குனிந்து பார்க்கட்டும்.

என் பொருளை உன் மடியில் வைத்துவிட்டேன் மச்சான். இதில் ஒட்டு எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். நீ லென்ஸை எடுத்து நிதானமாகப் பார். பக்கத்தில் இருந்தால் தாட்சண்யம் வரும், நான் எழுந்து டீ வாங்கப் போகிறேன்.

திரும்பி வரும்போது நீ என்ன சொல்வாய் என்று பயந்துகொண்டே,

உன் மாப்ள
கருப்பையா
கீரமங்கலம்